வைக்கோல் கட்டு மேல ஒரு மேடை: டேல் கார்னகியின் கதை



கல்ச்சுரல்ஸ் நோட்டீஸ் போர்டுல ஏறியாச்சு. நடனத்துக்கும் குறும்படத்துக்கும் பேர் கொடுக்க வரிசை நிக்குது. பேச்சுப் போட்டிக்கு மட்டும் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கு. தன்னம்பிக்கைப் பேச்சு என்று தலைப்பு கொடுத்தால் இன்னும் மோசம். பேர் கொடுக்கிறவர்கள் பாதிப்பேர் கலாம் ஐயாவில் ஆரம்பித்து எடிசனுடைய பல்பில் முடிக்கிறார்கள். கேட்கிற நமக்கும் அடுத்த வரி என்னன்னு தெரியும்.

அப்படியென்றால் எந்தப் பேச்சு ஜெயிக்கும்? எது மனசுல நிக்கும்? இந்தக் கேள்விக்காகவே வாழ்நாள் முழுவதையும் செலவு செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். பெயர் டேல் கார்னகி. அவர் எழுதிய புத்தகத்தை ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் திரும்பத் திரும்பத் தோற்றவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆற்றங்கரைப் பண்ணை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மேரிவில் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1888 நவம்பர் 24-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், அம்மா அமண்டா. பண்ணை இருந்தது நூற்றிரண்டு என்ற வித்தியாசமான பெயர் கொண்ட ஓர் ஆற்றின் கரையில். ஏழு வருஷத்தில் ஆறு வருஷம் அந்த ஆறு கரை உடைத்து வந்து பயிரையும் தீவனத்தையும் அடித்துக்கொண்டு போனது. பன்றி வளர்த்தார்கள், அதற்கும் வருஷா வருஷம் நோய் வந்து கூட்டமாகச் செத்தன. செத்ததை எரிக்க வேண்டிய வேலையும் இவர்கள் தலையில்தான்.

பத்து வருஷம் முதுகு ஒடிய உழைத்த பிறகும் கையில் காசில்லை, தலைக்கு மேல் கடன். அப்பா ஒருநாள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கீழே ஓடுகிற தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். குதித்துவிடலாமா என்று யோசித்ததாகப் பிற்காலத்தில் மகனிடம் சொன்னார். அம்மாவுடைய கடவுள் நம்பிக்கைதான் அந்த வீட்டை விழாமல் பிடித்து நிறுத்தியது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து நம்ம கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இந்த வீடு எப்படி இருந்திருக்கும்னு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குட்டைப் பேன்ட் போட்ட மாணவன்

பிறகு குடும்பம் வாரன்ஸ்பர்க் என்ற ஊருக்கு இடம் மாறியது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது, கட்டணம் இல்லாமல் படிக்கலாம். ஆனால் ஊருக்குள் தங்கிச் சாப்பிட ஒரு நாளைக்கு ஒரு டாலர் வேண்டும். அந்த ஒரு டாலர் இவரிடம் இல்லை. சுமார் 600 பேர் படித்த கல்லூரியில், தங்க வழியில்லாமல் தினமும் வீட்டிலிருந்து வந்து போனவர்கள் ஐந்தாறு பேர்தான். கார்னகி அதில் ஒருவர். குதிரையில் வருவார், குதிரையில் போவார். அந்தக் காலத்து டே ஸ்காலர்னு வெச்சுக்கோங்க.

வீட்டுக்குப் போனால் பால் கறக்க வேண்டும், விறகு வெட்ட வேண்டும், பன்றிகளுக்குத் தீனி வைக்க வேண்டும். அப்புறம்தான் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு. குளிர் காலத்தில் பன்றிக் குட்டிகள் விறைத்துச் சாகாமல் இருக்க, கூடையில் போட்டு சமையலறை அடுப்புக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். குட்டிகளுக்குப் பசிக்கும் என்று அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கூடையைத் தாய்ப் பன்றியிடம் தூக்கிக்கொண்டு போய், குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வைப்பார். அதற்குப் பிறகு காலையில் லத்தீன் வகுப்பு.

கோட்டு உடம்பைப் பிடிக்கும். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும். சின்ன வயதில் விளையாட்டாகக் குதித்தபோது மோதிரம் ஆணியில் மாட்டி, இடது கை ஆள்காட்டி விரலையும் இழந்திருந்தார். பையனுக்குத் தாங்க முடியாத தாழ்வு மனப்பான்மை.

கல்லூரியில் யாருக்கு மதிப்பு இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். இரண்டே கூட்டத்துக்குத்தான். ஒன்று, ஃபுட்பால், பேஸ்பால் ஆடுகிற பசங்க. இன்னொன்று, பேச்சுப் போட்டியிலும் விவாதத்திலும் ஜெயிக்கிறவர்கள். விளையாட்டு தனக்கு வராது என்று தெரியும். அதனால் பேச்சுப் போட்டி என்று முடிவு கட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பேச வேண்டும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று துடித்ததால் அவர் மேடை ஏறவில்லை. நாலு பேர் தன்னை மதிக்க வேண்டும் என்பதற்காக ஏறினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நம்மில் பலரும் அப்படித்தான் முதல் தடவை பேர் கொடுக்கிறோம். ஆனால் அந்த ஆசை மட்டும் எவ்வளவு தூரம் கொண்டு போகும்?

புறாக்கள் கேட்ட சொற்பொழிவு

பயிற்சியில் அவர் குறை வைக்கவில்லை. மாதக்கணக்கில் தயார் செய்தார். குதிரை மேல் போகும்போது பேசினார். பால் கறக்கும்போது பேசினார். களஞ்சியத்தில் வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று, கையை வீசி, நாட்டு நடப்பைப் பற்றி முழக்கமிட்டார். கேட்டவை அங்கே கூடு கட்டியிருந்த புறாக்கள். அவையும் பயந்து பறந்தன!

போட்டிக்குப் போனார். தோற்றார். அடுத்த போட்டி, மறுபடியும் தோல்வி. அதற்கு அடுத்ததும் அதே. வயது 18, ரோஷக்காரர். உயிரை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு மனம் உடைந்து போனார். ஒரு கல்லூரிப் போட்டிக்குப் போய் இவ்வளவா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பையனுக்கு அது வெறும் போட்டி இல்லை. குட்டைப் பேன்ட்டை ஊர் மறப்பதற்கு இருந்த ஒரே வழி. பக்கத்து பெஞ்சில் இருக்கிற ஒருவருக்கு எது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்கு வெளியில் இருந்து தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் வந்தால், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நண்பரிடமோ வீட்டிலோ கவுன்சலரிடமோ அன்றைக்கே பேசிவிடுங்கள்.

அவர் ஏன் தோற்றார் என்பதற்கு ஒரு தடயம் அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது. மேடைப் பேச்சில் அவருக்குக் கிடைத்த முதல் பாடம் முழுக்கக் கையசைவு பற்றியதாம். கை எப்படித் தொங்க வேண்டும், உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கையை எப்படி வளைத்து மேலே கொண்டுவர வேண்டும், எந்த விரல் முதலில் விரிய வேண்டும் என்று டிரில் மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தால் பயன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலே நடந்தது என்று பிறகு கார்னகி வெளிப்படையாக எழுதினார். அப்படி வளைகிற கையில் உயிர் இல்லை. பார்க்கிறவருக்கு அது பொம்மலாட்டம்.

அவர் விடவில்லை. தோற்றுக்கொண்டே பேசினார். ஒரு கட்டத்தில் காற்று திசை மாறியது. ஒரு போட்டியில் ஜெயித்தார். பிறகு கல்லூரியின் எல்லாப் பேச்சுப் போட்டிகளிலும் அவரே ஜெயிக்க ஆரம்பித்தார். மற்ற மாணவர்கள் வந்து எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டார்கள். சொல்லிக்கொடுத்தார். அவர்களும் ஜெயித்தார்கள். பிற்காலத்தில் உலகம் அறிந்த ஆசிரியர் அங்கேதான் தொடங்கினார்.

கோப்பை சோறு போடுமா?

கதை இங்கே முடிந்திருந்தால் வழக்கமான தன்னம்பிக்கைக் கதையாகியிருக்கும். ஆனால் 1908-இல் கல்லூரியை விட்டு வெளியே வந்தவருக்குப் பெரிய அடி காத்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பண்ணைக்காரர்களிடம் அஞ்சல் வழிப் படிப்புகளை விற்கிற வேலை. பேச்சுப் போட்டி சாம்பியன் ஆச்சே, விற்றுத் தள்ளியிருப்பார் என்று நினைப்போம். இல்லீங்க. வியாபாரம் படுத்துவிட்டது. அலையன்ஸ் என்ற ஊரில் ஒருநாள் பட்டப்பகலில் ஹோட்டல் அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்து அழுதார்.

ஊரை விட்டுப் போகவும் ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை. இரண்டு பெட்டி நிறையக் காட்டுக் குதிரைகளை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்றில், குதிரைகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கிற வேலையைக் கூலியாகக் கொடுத்து ஒமாஹா போய்ச் சேர்ந்தார். அங்கே ஆர்மர் கம்பெனியில் பன்றிக் கறி, சோப்பு, கொழுப்பு விற்கிற வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைத்த வட்டாரம் விற்பனையில் 29 வட்டாரங்களில் 25-ஆவது இடத்தில் இருந்தது. அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். கம்பெனி பதவி உயர்வு தர முன்வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேர்த்த பணத்தோடு நியூயார்க் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார்!

நடிப்பும் கைகொடுக்கவில்லை. பாலி ஆஃப் தி சர்க்கஸ் என்ற நாடகத்தில் ஒரு டாக்டர் வேஷம் கட்டி ஊர் ஊராகச் சுற்றினார், அவ்வளவுதான். திரும்பி வந்து பேக்கார்ட் கம்பெனி லாரிகளை விற்றார். லாரி எப்படி ஓடுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தங்கியிருந்த மலிவான அறையில் கழுத்துப் பட்டையை எடுக்கக் கை வைத்தால் கரப்பான் பூச்சிகள் சிதறி ஓடும். தினமும் தலைவலி. கல்லூரி நாட்களில் கண்ட கனவு இதுதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

கமிஷனுக்குப் பாடம்

தான் படித்த எல்லாவற்றிலும் வாழ்க்கைக்கு உதவியது எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். மேடையில் பேசிய அனுபவம் ஒன்றுதான் மிஞ்சியது. கூச்சத்தைப் போக்கியது அது. மனிதர்களை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் தந்ததும் அதுவே. சரி, இதையே மாலை வகுப்பில் சொல்லிக்கொடுப்போம் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பித்தார். இரண்டும் கையை விரித்தன.

கடைசியில் 125-ஆவது தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் போனார். ஒரு வகுப்புக்கு இரண்டு டாலர் சம்பளம் கேட்டார். அதைக் கொடுக்கவும் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான் என்றார்கள். ஒப்புக்கொண்டார். ஆண்டு 1912. அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை.

அந்த வகுப்புக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? கோப்பை வாங்க வந்த மாணவர்கள் இல்லை. பகல் முழுக்க வேலை பார்த்துக் களைத்துப் போன விற்பனையாளர்கள், அலுவலக ஊழியர்கள், சின்ன வியாபாரிகள். மீட்டிங்கில் எழுந்து நாலு வார்த்தை மயக்கம் போடாமல் பேச முடிந்தால் போதும் அவர்களுக்கு. கடுகடுப்பான ஒரு வாடிக்கையாளரின் கடைக்குள் நுழைய தைரியம் வராமல் தெருவை மூன்று சுற்றுச் சுற்றுகிறவர்கள் அவர்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டினார்கள். பலன் தெரியவில்லை என்றால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் கார்னகிக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே சொல்லிக்கொடுப்பது உண்மையிலேயே வேலை செய்தாக வேண்டும்.

முதல் வகுப்பிலேயே சோதனை வந்தது. தயார் செய்து வைத்திருந்த பாடம் பாதியில் தீர்ந்துவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது, எல்லாரும் இவரையே பார்க்கிறார்கள். சமாளிப்பதற்காக, உங்களுக்குக் கோபம் வரவைத்த ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி எழுந்து பேசுங்கள் என்று சொன்னார். ஆச்சரியம், பேசினார்கள்! கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. கை எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கை தானாக அசைந்தது, குரல் தானாக ஏறியது.

வாரன்ஸ்பர்க்கில் டிரில் போட்டுச் சொல்லிக்கொடுத்தும் வராத ஒன்று, அந்த நியூயார்க் அறையில் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அதைப் பார்த்த ஆசிரியர், தன் மொத்தப் பாடத்திட்டத்தையும் அதன் மேல் கட்டினார். சில வருஷங்களில், இரண்டு டாலர் தர மறுத்த அதே இடத்தில் அவருடைய கமிஷன் ஒரு இரவுக்கு 30 டாலர்வரை வந்தது.

அவர் கண்டுபிடித்தது என்ன?

அதற்குப் பிறகு அவர் கேட்டு விமர்சனம் சொன்ன பேச்சுகள் 1,50,000 என்று ஒரு கணக்கு உண்டு. ஆளுக்கு 3 நிமிடம்னு வைத்தாலும், இரவு பகலாக உட்கார்ந்து கேட்க 10 மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனையும் கேட்டவர் சொன்னவற்றில் நமக்கு உடனே உதவுகிற சிலவற்றை மட்டும் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒன்று, பேசுவதற்கு உரிமை சம்பாதித்த தலைப்பில் பேசுங்கள். அதாவது, நீங்கள் வாழ்ந்து பார்த்தது, பட்டுத் தெரிந்துகொண்டது, ரொம்ப நாள் யோசித்தது. நேற்று இரவு நெட்டில் எடுத்தது அந்தக் கணக்கில் வராது. வெற்றியைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, அரியர் பேப்பரை மூன்றாவது தடவை எழுதப் போன காலையைப் பற்றி நீங்கள் பேசினால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டு, வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் வேண்டாம். ஒரு வார்த்தை நழுவினால் மொத்தமும் நின்றுவிடும். நழுவாவிட்டாலும், உங்கள் கண் அடுத்த வரியைத்தான் தேடிக்கொண்டிருக்கும், எதிரே இருக்கிறவர்களைப் பார்க்காது. விஷயத்தை மனசில் ஏற்றுங்கள். நண்பர்களிடம் அதைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். மேடையிலும் அதே பேச்சுதான், கொஞ்சம் சத்தமாக.

மூன்று, சம்பவத்தில் தொடங்குங்கள். நடந்ததைக் கண் முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு கேட்கிறவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அதைச் செய்தால் அவருக்கு என்ன நன்மை என்று முடியுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்பது கருத்து சொன்னால் ஒன்றும் நிற்காது.

நான்கு, இதை அவர் எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொன்னார்: கேட்கிறவருக்கு இதைச் சொல்லியே ஆகணும் என்ற துடிப்பு உங்களிடம் இருக்க வேண்டும். என்னைப் பாருங்கள் என்று பேசுகிறவருக்கும், இதைக் கேளுங்கள் என்று பேசுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நடுவருக்கும் தெரியும், கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

நான்காவதைக் கார்னகியின் வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். 18 வயதில் மதிப்புக்காக மேடை ஏறியவர், 23 வயதில், எதிரே இருக்கிற களைத்த மனிதர்களின் பயம் போக வேண்டும் என்பதற்காக நின்றார். அவர்களுக்கு வேலை செய்தால்தான் இவருக்கும் பிழைப்பு. அந்த நிலைமைதான் அவருடைய பார்வையைத் தன்னிடமிருந்து எதிரே இருக்கிறவர் பக்கம் திருப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பென்சில் பரிசு

அதன் பிறகும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. ஆசைப்பட்டு எழுதிய நாவலைப் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. 1921-இல் நடந்த முதல் திருமணம் பத்து வருஷத்தில் விவாகரத்தில் முடிந்தது. தன் பெயரின் எழுத்துகளை மாற்றி, அன்றைக்குப் பிரபலமாக இருந்த தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயர் போலவே எழுத ஆரம்பித்தார். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை. விளம்பரம் தெரிந்த மனிதர், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1936-இல் ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள் வெளிவந்தது. அவருடைய வகுப்பில் உட்கார்ந்து கேட்ட பதிப்பகத்துக்காரர் ஒருவர் வற்புறுத்தியதால் உருவான புத்தகம் அது. 1955 நவம்பர் 1-ஆம் தேதி கார்னகி இறந்தபோது அந்தப் புத்தகம் 31 மொழிகளில் 50 லட்சம் பிரதிகள் விற்றிருந்தது. அவருடைய நிறுவனத்தில் படித்து முடித்தவர்கள் 4,50,000 பேர். மிசௌரியின் பெல்டன் என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் குதிரைகளோடு போய் இறங்கிய அதே ஒமாஹாவில், 1950-களின் தொடக்கத்தில், மேடை என்றாலே நடுங்குகிற ஒரு இளைஞர் 100 டாலர் கட்டி இந்த வகுப்பில் சேர்ந்தார். அவர் வாரன் பஃபெட். அந்தச் சான்றிதழைத்தான் அவர் தன் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், பட்டச் சான்றிதழை இல்லை.

அந்த வகுப்புகளில் சிறந்த பேச்சை உடன் படிக்கிறவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பரிசு ஒரு பென்சில். கோப்பைக்காக ஏங்கிய பையன் ஆரம்பித்து வைத்த வகுப்பில் பரிசு பென்சில் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, பேர் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்தேன், எனக்கு மேடை வராது, என் கதையில் என்ன இருக்கு என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், உங்கள் லேபில் நடந்த எதைப் பற்றி யோசித்தால் இன்றைக்கும் கோபமோ சந்தோஷமோ வருகிறது என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டு நண்பர்களை உட்கார வைத்து அதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் போனை எடுக்காமல் கேட்டால், தலைப்பு கிடைத்துவிட்டது.

முதல் போட்டியிலேயே பரிசு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். கார்னகிக்கே வரவில்லை. ஆனால் பேர் கொடுத்துவிடுங்கள். அரங்கத்தில் சந்திப்போம், வாழ்த்துகள்!